சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவே கோணல் இடைவெளியா? அடைக்கும் முறை முழுவதும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் பழைய மேடையை எடுத்துவிட்டுப் புதுக் கிரானைட் போட்டு முடித்த அன்று சாயங்காலம், மேடைக்கும் சுவருக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தேன். அடுப்புப் பக்க மூலையில் நகம்கூட நுழையவில்லை. ஜன்னல் பக்கம் வந்தபோது சுண்டுவிரல் முழுசாக உள்ளே போய்விட்டது. எட்டடி நீளத்துக்குள் 2 மி.மீ.யில் தொடங்கி 14 மி.மீ. வரை அகலம் மாறியது.

வேலைக்கு வந்த கொத்தனார் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அப்பி, ஈரத் துணியால் வழித்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் தலைமுடி தடிமனில் ஒரு விரிசல் வந்தது. அம்மா மேடையைக் கழுவும்போது தண்ணீரைச் சுவர்வரைக்கும் விட்டுத் தேய்ப்பார், அப்புறம்தான் சிங்க் பக்கம் இழுப்பார். அந்த விரிசல் தினமும் இரண்டு வேளை தண்ணீர் குடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் கீழ் அலமாரியின் பின்பலகை உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது. வெள்ளையாக இருந்த கோடு மஞ்சளும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாகிவிட்டது. ராத்திரி விளக்கைப் போட்டால் குஞ்சுக் கரப்பான்கள் அந்தச் சந்துக்குள் ஓடி மறையும்.

அதை முழுக்கப் பெயர்த்தெடுத்து நானே திரும்பச் செய்தேன். பிறகு சொந்தக்காரர்கள் வீடுகளில் ஐந்தாறு சமையலறைகளில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். வெள்ளை சிமெண்டில் குறை இல்லை, அது போன இடம்தான் தப்பு என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த இடைவெளியை அடியில் கெட்டியாக நிரப்ப வேண்டும், மேல் அரை சென்டிமீட்டரை ரப்பர் மாதிரி இழுபடும் சிலிக்கானால் மூட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இடைவெளி ஏன் வருகிறது, ஏன் விரிகிறது

கிரானைட் பலகையை மெஷின் அறுக்கிறது, அதன் விளிம்பு நேராக இருக்கும். சுவரைக் கை பூசுகிறது. செங்கல் சுவரில் உள்பூச்சு அரை இன்ச், அதாவது 12 மி.மீ. என்பது கணக்கு. செங்கல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அந்தக் குறையைப் பூச்சில்தான் சரிக்கட்டுவார்கள். அதனால் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும், மூலைகளில் கலவை கூடுதலாக நின்றிருக்கும். இரண்டு சுவர் சேரும் மூலை சரியாக 90 டிகிரி இருப்பது அபூர்வம். வெறும் சுவராக இருந்தவரை இதெல்லாம் கண்ணில் படாது. நேரான கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் சுவரின் கோணல் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

அடுத்தது அசைவு. கல்லும் சுவரும் ஒன்றாக அசைவதில்லை. பத்தடிக் கிரானைட் 30 டிகிரி சூடேறினால் அரை மி.மீ.க்கு மேல் நீளும். கீழே இருப்பது பிளைவுட் பெட்டி என்றால் அது ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேடையில் இஞ்சி தட்டுகிறோம், தேங்காய் உடைக்கிறோம், கிரைண்டரை ஓட விடுகிறோம். சிமெண்ட், வால் புட்டி, எபாக்ஸி எல்லாமே கெட்டியாகிற பொருள்கள். கெட்டியான பொருள் இழுபடாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும்போது ஒரு பக்கம் அசைந்தால் அது விரிசல் விட்டே தீரும்.

முதலில் அளந்து பாருங்கள்

எடுத்த எடுப்பில் சிலிக்கான் டியூப் வாங்க ஓடாதீர்கள். அரை மணி நேரம் அளப்பதற்கு ஒதுக்குங்கள்.

மேடை ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, அரை அடிக்கு ஒரு கோடு போடுங்கள். சந்தின் அகலத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை, டிரில் பிட்டுகளே போதும். 3, 5, 6, 8, 10, 12 மி.மீ. பிட்டின் காம்பை ஒவ்வொன்றாகச் சந்தில் விட்டுப் பாருங்கள். எது இறுக்கமாக நிற்கிறதோ அதுதான் அகலம், அதை டேப்பின் மேலேயே எழுதிவிடுங்கள். கொத்தனாரிடம் பேசும்போது நூல் கணக்கில் சொன்னால் அவருக்குச் சட்டென்று புரியும். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் ஏறத்தாழ 3 மி.மீ.

ஆழமும் தெரிய வேண்டும். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். கல்லின் தடிமனோடு நிற்கிறதா, கீழ் அலமாரிக்குள்ளேயே போய்விடுகிறதா? சில வீடுகளில் கிரானைட்டுக்கு அடியில் கடப்பாக் கல் தாங்கு பலகையாக இருக்கும். அது சுவருக்குள் ஏறியிருந்தால் அடிப்பக்கம் தானாகவே அடைபட்டிருக்கும், உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

அப்புறம் மட்டம். ரசமட்டத்தைச் சுவரிலிருந்து முன்பக்கமாக வையுங்கள். மேடை சமமாக இருக்கலாம், சிங்க் பக்கம் இம்மி சரிந்திருந்தால் இன்னும் நல்லது. சுவர்ப் பக்கம் சரிந்திருக்கவே கூடாது. ரசமட்டம் இல்லையென்றால் அரை டம்ளர் தண்ணீரை நடுமேடையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் சுவரைத் தேடிப் போனால் நீங்கள் என்ன அடைத்தாலும் அதன் மேல் நாள் முழுக்க ஈரம் நிற்கும், வருடத்துக்குள் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அப்படியிருந்தால் முதலில் மேடையைத் தூக்கி மட்டம் சரிசெய்ய வேண்டும். அடைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, மேடையின் முன் விளிம்பை இரண்டு கையாலும் அழுத்துங்கள். பின்பக்கம் துளியாவது எழும்பினால் அடியில் தாங்கல் இல்லை என்று பொருள். ஆடுகிற கல்லைச் சிலிக்கான் பிடித்துவைக்காது. அடியில் கலவையோ கல்சில்லோ திணித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே போங்கள்.

கல் இன்னும் ஒட்டவில்லை என்றால்

இதைப் படிக்கும்போது மேடைக் கல் இன்னும் வரவில்லை, அல்லது வந்து சும்மா வைத்திருக்கிறார்கள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சுவரில் காடி எடுப்பது. கல் உட்காரும் உயரத்தில் சுவர்ப் பூச்சைக் கல்லின் தடிமனைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டி, கல்லை அதற்குள் 8, 10 மி.மீ. செருகிவிடுவார்கள். சுவரின் கோணல் முழுக்கப் பூச்சுக்குள் ஒளிந்துகொள்ளும். நம் ஊர்ச் செங்கல் சுவருக்கு இதுதான் பொருத்தமான முறை என்பது என் எண்ணம். வெட்டும் முன் அந்த உயரத்தில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது, சுவரின் வளைவைக் கல்லுக்கு மாற்றுவது. கல்லைச் சுவரை ஒட்டி வைத்து, எங்கே அதிகம் விலகியிருக்கிறதோ அந்த அகலத்துக்குக் காம்பஸை விரித்துக்கொள்ளுங்கள். காம்பஸின் முள் சுவரைத் தொட்டபடி போகட்டும், பென்சில் கல்லின் மேல் ஒட்டிய டேப்பில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். அந்தக் கோட்டில் வெட்டினால் கல் சுவரின் வளைவை அப்படியே பின்பற்றும். மர மேடைக்கு இது சுலபம், தச்சர்களுக்கு அன்றாட வேலை. கிரானைட்டில் டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷின் வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். காய வெட்டினால் பறக்கும் கல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டுபவருக்குத்தான் முதல் பாதிப்பு. தூசி தடுக்கும் நல்ல மாஸ்க் அவர் போட்டிருக்கிறாரா என்று கேட்பது வீட்டுக்காரர் பொறுப்பும்தான். வெட்டும்போது பின்னால் இழுத்த அளவுக்கு முன் விளிம்பு உள்ளே போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலையின் வரிசையை மாற்றுவது. கல்லை முதலில் போட்டுவிட்டு, சுவர் டைல்ஸைப் பிறகு கல்லின் மேல் உட்காருகிற மாதிரி ஒட்டுங்கள். டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் சேர்ந்து 12 முதல் 20 மி.மீ. வரை வரும். பெரும்பாலான இடைவெளி அதற்கு அடியிலேயே மறைந்துவிடும். டைல்ஸின் கீழ் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ. மட்டும் விட்டு அதைச் சிலிக்கானால் மூடினால் வேலை முடிந்தது. அவசரத்தில் டைல்ஸை முதலில் முடித்துவிடும் வீடுகளில்தான் இந்தத் தலைவலி அதிகம்.

போட்டு முடிந்துவிட்டது என்றால்: அகலம் பார்த்து வழி

3 மி.மீ. வரைக்கும் சிலிக்கான் மட்டும் போதும். 3 முதல் 12 வரை அடியில் நுரை ராட் (கயிறு மாதிரி வரும் நுரை) வைத்து மேலே சிலிக்கான். 12க்கு மேல் போனால் கலவையால் நிரப்பி, அதற்கு மேல் கல் பட்டி வைத்து மறைக்க வேண்டும். ஒரு இன்ச்சைத் தாண்டினால் கல்லை எடுத்து நகர்த்துவதோ சுவரைத் திரும்பப் பூசுவதோதான் சரி. அவ்வளவு அகலத்தைச் சிலிக்கானால் நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடுவில் குழிந்து, அழுக்குத் தேங்கும் வாய்க்கால் ஆகிவிடும்.

எங்கள் வீட்டைப் போல 2 முதல் 14 வரை ஒரே கோட்டில் மாறினால்? மோசமான இடத்தை வைத்து முடிவெடுங்கள். பாதி தூரம் பட்டி, பாதி தூரம் வெறும் சிலிக்கான் என்று கலந்தால் கண்ணை உறுத்தும். நான் எட்டடிக்கும் பட்டி போட்டேன்.

சந்தைச் சுத்தம் செய்தல்

வேலையில் பாதி இதுதான். பழைய வெள்ளை சிமெண்ட் இருந்தால் மெல்லிய உளியாலும் பழைய கத்தியாலும் குறைந்தது 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். கல்லின் மேல் விளிம்பில் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொண்டால் உளி தவறினாலும் பாலிஷ் போகாது. பழைய சிலிக்கான் இருந்தால் கட்டர் பிளேடைச் சாய்வாகப் பிடித்து இரண்டு ஓரத்தையும் அறுத்தால் நாடா மாதிரி உரிந்து வரும். ஓரத்தில் மெல்லிய படலம் மிஞ்சும், அதையும் விடாதீர்கள். காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் சரியாக ஒட்டாது. "மேலாக ஒரு கோடு இழுத்துவிட்டேன், மூன்று மாதத்தில் வந்துவிட்டது" என்பவர்களின் கதை எல்லாம் இதுதான்.

கரப்பான் இருந்தால் இப்போதே கவனியுங்கள். ஜெல் மருந்தைச் சந்தின் உள்ளே புள்ளி புள்ளியாக வைத்து நாலைந்து நாள் விட்டு, பிறகு வேக்குவம் கிளீனராலோ பெயிண்ட் பிரஷாலோ எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அது செய்யாமல் மூடினால் அவை அலமாரிப் பக்கமாக வழி தேடும்.

பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினிகரோ ஆசிட்டோ பாத்ரூம் கிளீனரோ சேரவே கூடாது, விஷவாயு வரும்.

எண்ணெய்ப் பிசுக்குத்தான் நம் சமையலறையின் பெரிய எதிரி. தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய் சுவரோரம் படலமாகப் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் இரண்டு ஓரத்தையும் துடையுங்கள். துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

பிறகு முழு ராத்திரி ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள். ஈரமான பூச்சில் எதுவும் ஒட்டாது. சுவர் புதிதாகப் பூசியது என்றால் ஒரு வாரமாவது நீர் விட்டு ஆற்றி, அதன் பிறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூச்சு விரலில் மாவாக ஒட்டினால் ஒரு கை பிரைமர் அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சிலிக்கான் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடியில் நிரப்புதல்

அகலம் 12 மி.மீ.க்குள் என்றால் பேக்கர் ராட் வையுங்கள். விரல் தடிமனில் நீளமாகக் கயிறு மாதிரி வரும் நுரை அது. சாதாரண ஹார்டுவேர் கடையில் இல்லையென்றால், அலுமினிய ஜன்னலும் யுபிவிசி ஜன்னலும் மாட்டுகிறவர்களிடம் நிச்சயம் இருக்கும். சந்தின் அகலத்தைவிட கால் பங்கு பெரிதாக எடுங்கள், அதாவது 8 மி.மீ. சந்துக்கு 10 மி.மீ. ராட். கிடைக்கவே இல்லையா, ஃபிரிட்ஜ், டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைத்தாளைச் சுருட்டித் திணித்தாலும் வேலை ஆகும். துணி, செய்தித்தாள், பஞ்சு வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ராட் எதற்கு என்று கேட்கலாம். சிலிக்கான் கீழே ஒழுகாமல் தாங்குவது ஒன்று. அதைவிட முக்கியமானது, சிலிக்கான் கல்லோடும் சுவரோடும் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டால் அது இழுபட இடமில்லாமல் ஓரத்தில் கிழியும். இந்த நுரையில் சிலிக்கான் ஒட்டாது. அதனால்தான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடுவில் ரப்பராக நீளமுடிகிறது.

எவ்வளவு ஆழத்தில் வைப்பது? சந்தின் அகலம் 6 மி.மீ. என்றால் மேலிருந்து 6 மி.மீ. கீழே. அகலம் 12 என்றாலும் அதே 6 தான். ஒரு ஐஸ் குச்சியில் 6 மி.மீ.க்குக் கோடு போட்டு, அந்தக் கோடு கல்லின் மட்டத்துக்கு வரும்வரை ராட்டை அழுத்திக்கொண்டே போங்கள். அகலம் மாறும் இடத்தில் ராட்டை வெட்டி, அடுத்த அளவை முட்டுக் கொடுத்து வையுங்கள்.

அகலம் 12க்கு மேல் என்றால் கலவை. ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல், இறுக்கமாகப் பிசைந்தது. சந்தின் அடிப்பக்கம் அலமாரிக்குள் திறந்திருந்தால் கீழிருந்து ஒரு தெர்மாகோல் துண்டையோ பிளைவுட் பட்டையையோ முட்டுக் கொடுங்கள். சுவரையும் கல்லின் பின்விளிம்பையும் ஈரப்படுத்தி, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் குத்தி இறக்குங்கள். மேலே 6 மி.மீ. காலியாக விடுங்கள். அகலம் கூடிய இடத்தில் கிரானைட் சில்லுகளைக் கலவைக்குள் செருகினால் சுருக்கம் குறையும். ஒரு வாரம் ஆறவும் காயவும் விட வேண்டும். இந்தக் கலவை பின்னால் முடிவிரிசல் விட்டாலும் பரவாயில்லை, அதற்கு மேலே ரப்பர் மூடி வரப்போகிறது. கலவைக்கு மேல் சிலிக்கான் நேரடியாக ஒட்டாமல் இருக்க, நடுவில் ஒரு வரி பேக்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

சிலிக்கானைத் தேர்ந்தெடுத்தல்

டியூபின் மேல் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஒன்று நியூட்ரல், இன்னொன்று சானிட்டரி அல்லது ஆன்டி ஃபங்கல். கடையில் மலிவாகத் தருவது பெரும்பாலும் அசிட்டாக்ஸி வகை, திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். கண்ணாடிக்கு அது சரி. மார்பிளை அந்த அமிலம் அரிக்கும், சிமெண்ட் பூச்சிலும் பிடிப்பு நிலைக்காது. நியூட்ரல் வகை கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் கல்லுக்கும் சுவருக்கும் அதுதான் ஏற்றது. வெளிர் நிறக் கிரானைட் என்றால் வெட்டி மிஞ்சிய துண்டில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். சில கற்கள் சிலிக்கானின் எண்ணெயை உறிஞ்சி ஓரத்தில் கறை காட்டும்.

நிறத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது: கல்லின் நிறத்தோடு சேருங்கள், சுவரின் நிறத்தோடு வேண்டாம். கறுப்பு மேடைக்குக் கறுப்புச் சிலிக்கான் போட்டால் அந்தக் கோடு கல்லின் நீட்சியாகத் தெரியும், அகலம் மாறுவது கண்ணில் படாது. வெள்ளைச் சிலிக்கான் போட்டால் ஒரு முனையில் நூலாகவும் மறுமுனையில் நாடாவாகவும் தெரிந்து, கோணலைக் கோடு போட்டுக் காட்டும். நிறமில்லாத கண்ணாடிச் சிலிக்கான் உள்ளே இருக்கும் அழுக்கையும் நிழலையும் காட்டிக்கொண்டே இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

300 மி.லி. டியூப் ஒன்று, 6 மி.மீ. அகலம் 6 மி.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 27 அடி வரும். 12 மி.மீ. அகலம் என்றால் அதில் பாதி. சிலிக்கானின் மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இழுக்கும் வேலை

கல்லின் மேல் ஒரு வரி மாஸ்கிங் டேப், சுவரில் ஒரு வரி. கல் பக்க டேப் விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி நேராக ஓடட்டும். சுவர்ப் பக்க டேப்பை வளைவுக்கு வளைத்து ஒட்டாமல், நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டுங்கள். பார்வைக்கு நேராகத் தெரியப்போவது இந்த இரண்டு டேப்பின் ஓரங்கள்தான்.

டியூபின் முனையில் மாட்டும் நாசிலின் நுனியைச் சாய்வாக, 45 டிகிரியில் வெட்டுங்கள். துளை சந்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். குறுகலான முனையிலிருந்து தொடங்குங்கள். நாசில் சந்துக்குள் நுழைந்து, அடியில் ராட்டைத் தொடுகிற மாதிரி பிடித்து, டியூபை மாட்டி அழுத்தும் கன்னின் விசையை ஒரே சீராக அழுத்திக்கொண்டு நகருங்கள். சிலிக்கான் அடியிலிருந்து எழும்பி மேலே வந்து இம்மி வழிய வேண்டும். வேகமாக இழுத்தால் மேலே மட்டும் தோல் மாதிரி படிந்து உள்ளே காற்று நிற்கும். அகலமான இடம் வந்ததும் நகரும் வேகத்தைக் குறையுங்கள், விசையை மாற்ற வேண்டாம். நிறுத்த வேண்டியிருந்தால் கன்னின் பின் பட்டனை அழுத்தி விடுவியுங்கள், இல்லையென்றால் அது பாட்டுக்கு வழிந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு அடிக்கு மேல் ஒரே மூச்சில் போடாதீர்கள்.

உடனே வழிக்க வேண்டும். ஒரு கிண்ணத் தண்ணீரில் பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு. ஐஸ் குச்சியின் வளைந்த நுனியை அதில் நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 45 டிகிரியில் சாய்த்து ஒரே இழுப்பாக இழுங்கள். குச்சியில் சேரும் சிலிக்கானைப் பழைய துணியில் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. இரண்டு தடவைக்கு மேல் தொடாதீர்கள், தொடத் தொடக் கெடும். வழித்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும், அதற்குப் பிறகு டேப்பை இழுத்தால் தோலும் சேர்ந்து கிழிந்து பிசிறு நிற்கும். டேப்பைச் சந்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி!

சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அதனால் சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரமே தோல் கட்டும், வேலையைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே நாளொன்றுக்கு 2, 3 மி.மீ.தான் இறுகும். 6 மி.மீ. ஆழம் என்றால் மூன்று நாள் அந்த ஓரத்தில் தண்ணீர் படக் கூடாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, பார்க்கும் இடத்தில் எழுதியும் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா மூன்று நாளும் பால்கனியில் இண்டக்ஷன் அடுப்பை வைத்துச் சமைத்தார்.

கல் பட்டி வைத்து மறைப்பது

மேடைக்குப் போட்ட அதே கிரானைட்டில் 4 இன்ச் உயரப் பட்டி வெட்டித் தரச் சொல்லுங்கள். சிலர் இதை ஸ்கர்ட்டிங் என்பார்கள். மேல் விளிம்பும் தெரியும் பக்க முனைகளும் பாலிஷ் ஆகியிருக்க வேண்டும். மேடை வெட்டும்போதே சொன்னால் மிஞ்சிய கல்லில் வந்துவிடும், பிறகு தேடினால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம். பட்டியின் தடிமன் 16 முதல் 18 மி.மீ. இருக்கும், அதில் 5 மி.மீ.யாவது மேடைக் கல்லின் மேல் உட்கார வேண்டும். ஆகவே 11 மி.மீ. வரையிலான சந்தை வெறும் பட்டியே மூடிவிடும். எங்கள் வீட்டு 14 மி.மீ. இடத்தில் பட்டியின் பின்னால் 3 மி.மீ. பசையை அடர்த்தியாக வைத்து முன்னே தள்ளினேன்.

சுவிட்ச் பாக்ஸ் மேடையிலிருந்து எத்தனை இன்ச் உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாலு இன்ச்சுக்குள் என்றால் பட்டி இடிக்கும், மூன்று இன்ச்சாகக் குறையுங்கள்.

பட்டியைச் சுவரோடுதான் ஒட்ட வேண்டும், மேடையோடு இல்லை. டைல்ஸ் ஒட்டும் பசையைச் சீப்புக் கரண்டியால் பட்டியின் முதுகில் தடவுங்கள். பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவதென்றால் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கான பசை என்று கேட்டு வாங்குங்கள். அடியில் 2 மி.மீ. டைல்ஸ் ஸ்பேசர்களை அடிக்கு ஒன்றாக வைத்து, பட்டியை அவற்றின் மேல் நிறுத்தி, நூல் பிடித்து நேராக்குங்கள். சுவர் உள்வாங்கிய இடத்தில் பசை அதிகம், வயிறு தள்ளிய இடத்தில் குறைவு. மறுநாள் ஸ்பேசர்களை எடுத்துவிட்டு, அந்த 2 மி.மீ. கோட்டைச் சிலிக்கானால் மூடுங்கள். பட்டி நேராக நிற்கிறது, மேடை நேராக இருக்கிறது. ஆகவே இந்தக் கோடு எட்டடிக்கும் ஒரே அகலத்தில் ஓடும். கோணல் இப்போது பட்டியின் மேல் விளிம்புக்கு இடம் மாறியிருக்கும். சுவர் பெயிண்ட் அடித்தது என்றால் பட்டிக்கு மேலே ஒரு அடி அகலத்துக்கு வால் புட்டியைப் படிப்படியாக இழுத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். டைல்ஸ் சுவர் என்றால் டைல்ஸ் இடுக்கை நிரப்பும் எபாக்ஸி கிரௌட், டைல்ஸ் நிறத்தில். அங்கே தண்ணீர் தேங்காது, அசைவும் குறைவு, அதனால் கெட்டிப் பொருள் தாங்கும்.

சில இடங்கள் தனிக் கவனம் கேட்கும்

சிங்க்குக்குப் பின்னால்தான் முதலில் விடும். அங்கே மட்டும் இரண்டு மடங்கு நேரம் எடுத்துத் துடையுங்கள். அடுப்புக்குப் பின்னால் சிலிக்கானுக்குப் பதில் அக்ரிலிக் வகை டியூப் வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டுப்பட்டியும் வேண்டாம். வெப்பத்தில் சுருங்கி, உரிந்து நிற்கும். கேஸ் டியூப் கீழே இறங்கும் துளையைச் சிலிக்கானால் அடைத்து டியூபைச் சிறைப்படுத்தாதீர்கள், டியூபை மாற்றும்போது அது தடையில்லாமல் வெளியே வர வேண்டும். சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குக் கீழ்ப்பக்கம் காற்றுத் துளை இருப்பதும் அவசியம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம்தான் தேங்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பட்டி, கலவை என்று இறங்க வேண்டாம். நுரைத்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே கல் நிறத்தில் சிலிக்கான் இழுத்தால் போதும். வீட்டைக் காலி செய்யும்போது கட்டரால் அறுத்து எடுத்துவிடலாம்.

போட்டு முடித்த பிறகு

நான்காவது நாள், கீழ் அலமாரியின் பின்பலகை ஓரத்தில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு, மேடையின் சுவரோரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் நிற்க விடுங்கள். தாளில் ஈரப்புள்ளி தெரிந்தால் அதற்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள், தண்ணீர் கல்லின் அடியில் ஓரடி ஓடிப்போய்க்கூடச் சொட்டும். நல்ல வெளிச்சத்தில் சிலிக்கானின் ஓரத்தை விரல் நகத்தால் லேசாகத் தள்ளிக்கொண்டே போனால் ஒட்டாத இடம் எழும்பிக் காட்டும். அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடாமல், அந்தச் சுவரின் கோட்டை மூலையிலிருந்து மூலைவரை அறுத்தெடுத்துத் துடைத்துத் திரும்ப இழுங்கள். 6 மி.மீ. சந்து எட்டடிக்கு மூன்றில் ஒரு பங்கு டியூப்கூட ஆகாது. மிஞ்சியதை நாசிலின் நுனியில் ஒரு திருகாணியைச் செருகி வைத்தால் கொஞ்ச நாள் கெடாமல் இருக்கும்.